மீந்த மஞ்சள் கரு



லிஸ்பன் நகரின் ஜெரோனிமோஸ் மடத்துத் துறவிகள் முட்டையின் வெள்ளைக்கருவால் தங்கள் அங்கிகளுக்குக் கஞ்சியிட்டு, மீந்த மஞ்சள் கருவில் கஸ்டர்ட் டார்ட் செய்தனர் என்பர். 1834இல் போர்ச்சுகலில் மடங்கள் மூடப்பட்டன. பிழைப்பு போயிற்று, கைப்பழக்கம் போகவில்லை. 1837இல் மடத்தருகே அப்பலகாரத்துக்கென்றே கடை திறக்கப்பட்டது.

வீட்டிலும் இதைச் செய்யலாம். வெண்ணெய் வைத்து மடித்த மாவைச் சுருட்டி நறுக்கி, ஈரவிரலால் சிறு கிண்ணங்களில் மெல்லிதாய்ப் பரப்புங்கள். பாலில் மைதா, எலுமிச்சைத்தோல், பட்டை சேர்த்துக் காய்ச்சிச் சர்க்கரைப்பாகு கலந்து, சற்று ஆறியபின் மஞ்சள் கருவையும் சேர்த்து முக்கால் பாகம் ஊற்றுங்கள். ஓவனை முன்னரே 250 டிகிரிக்குச் சூடாக்குங்கள். சூடு குறைந்தால் மாவு வேகுமுன் கஸ்டர்ட் இறுகிவிடும். மேலே கருகிய புள்ளிகளைக் கண்டு கலங்காதிருங்கள். அவையே பதத்தின் அடையாளம்.

இப்போது உங்களிடம் மீந்திருப்பது வெள்ளைக்கரு. அதையும் வீணாக்காதிருங்கள்.