பிள்ளை இல்லாத அரசி



மாஸ்கோவின் மன்னர் மூன்றாம் வசீலி 1505-ஆம் ஆண்டு சொலமோனியா சபூரவாவை மணந்தார். மணமகள் தேர்வுக்கென வரவழைக்கப்பட்ட பல நூறு கன்னியருள் ஒருவர் அவர். இருபது ஆண்டுகள் கடந்தும் பிள்ளை பிறக்கவில்லை. அரியணைக்கு வாரிசு வேண்டும். பழி மனைவிமேல் விழுந்தது. 1525-இல் அவருக்குத் துறவற உடை அணிவிக்கப்பட்டது. அவர் எதிர்த்து நின்றார் என்றும், சாட்டையடி பட்டார் என்றும் ஹெர்பர்ஸ்டைன் என்ற தூதர் எழுதியுள்ளார். மறு ஆண்டே மன்னர் எலேனா கிளின்ஸ்காயாவை மணந்தார். அவர்களின் மகனே 'பயங்கர இவான்'.

மன்னரின் செயலைவிட, அதற்கு இசைந்த பேராயர் தானியேலின் செயலே ஒரு குருவாகிய என்னை வருத்துகிறது. துறவறம் இறைவனின் அழைத்தல். வேண்டாத மனைவியை அடைத்துவைக்கும் இடமன்று. சுஸ்தால் மடத்தில் 1542-இல் மறைந்த அப்பெண்மணிக்கு, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இன்று புனித சோஃபியா என வணக்கம் செலுத்துகிறது.

பிள்ளைப்பேறின்மை திருமணத்தைச் செல்லாததாக்காது என்கிறது நம் திருச்சபைச் சட்டம் 1084. சட்டம் அறிந்ததை நம் நாவும் அறியட்டும். திருப்பலி முடிந்து வெளியே வரும் இளம் மனைவியிடம் “ஏதும் விசேஷம் உண்டா?” என்று கேட்குமுன், சொலமோனியாவை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.