ஸ்காட்லாந்து போகிறவர்களே, ஒரு தீவு போதும்



கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகளைப் பார்க்க இப்போது நம் ஊரிலிருந்து நிறையப் பெற்றோர் போகிறார்கள். புவியியல் வாத்தியார், இரண்டு கோடை அங்கே மகள் வீட்டில் இருந்தவர் என்பதால் பயணத் திட்டத்தை இன்பாக்ஸில் அனுப்பி, "சார், சரியா இருக்கா?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் அதில் ஒரு வரி இருக்கும்: "ஸ்கை தீவு, ஒரு நாள்."

அந்த வரியைத்தான் அடிக்கச் சொல்கிறேன்.

எடின்பரோவிலிருந்து ஸ்கையின் போர்ட்ரீ ஊர் ஏறக்குறைய 370 கிலோமீட்டர். ஒரு வழிக்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடியுமுன் கிளம்பி நள்ளிரவில் திரும்பி, முழங்கால் வலியோடு நீங்கள் பார்த்தது பஸ் ஜன்னலைத்தான். அங்கே மழையும் மேகமும் இருந்தால் அதுவும் இல்லை. 1995-இல் பாலம் வந்த பிறகு ஸ்கை போவது சுலபமாகிவிட்டது. சுமார் பத்தாயிரம் பேர் வாழும் தீவு, குறுகலான சாலைகள். கோடையில் வண்டிகள் அடைத்துக்கொண்டால் அவதிப்படுவது அங்கே பால் வாங்கப் போகிறவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரும்தான்.

ஸ்காட்லாந்துக்கு எழுநூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள். எல்லாம் பார்க்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று இரவு தங்குங்கள். வயதானவர்களுக்கு நான் சொல்வது மல் தீவு. காரே வேண்டாம். கிளாஸ்கோவிலிருந்து ஓபன் ஊருக்கு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். அங்கிருந்து கப்பலில் ஒரு மணி நேரத்துக்குள். தீவுக்குள் பஸ் உண்டு. மேற்கு முனையிலிருந்து பத்து நிமிடப் படகில் அயோனா என்ற குட்டித் தீவு. 563-இல் கொலம்பா என்ற துறவி அயர்லாந்திலிருந்து வந்து மடம் அமைத்த இடம்.

சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கார் எடுத்தே தீருவோம் என்றால், கோடையில் காருக்கான கப்பல் டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். பலத்த காற்றடித்தால் கப்பல் ரத்தாகும். எனவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் தீவில் இருக்காதீர்கள்.

பல சாலைகளில் ஒரு வண்டிதான் போகலாம். வழிவிட ஆங்காங்கே சாலையோரம் அகலப்படுத்தி இருப்பார்கள். இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே உங்கள் பக்கமே நில்லுங்கள். பின்னால் வருபவருக்கும் வழி விடுங்கள். போட்டோ எடுக்க அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள்.

குடை காற்றில் நிற்காது. தொப்பியோடு மழைக் கோட்டு வாங்குங்கள். கோடையில் காற்றில்லாத காலையிலும் மாலையிலும் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி மொய்க்கும். காற்றடித்தால் பறக்காது.

சின்ன ஊர்களில் கடைகள் சீக்கிரம் மூடும். லூயிஸ், ஹாரிஸ் பக்கம் ஞாயிறு ஓய்வு நாள். அரிசியும் புளிக்காய்ச்சலும் கையில் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம்.

மூன்று இரவு எதற்கு என்று கேட்கலாம். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். காலையில் மூடிய மலை மாலையில் திறக்கும். அவசரமில்லாமல் நடந்தால் புல்லுக்குள் கூரையற்ற கல்வீடுகள் தெரியும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆடு வளர்ப்பதற்காகக் குடியானவர்களை நிலக்கிழார்கள் வெளியேற்றினார்கள். "ஆளே இல்லாத அழகு" என்று நாம் போட்டோ போடும் பல பள்ளத்தாக்குகள் அப்படி ஆளில்லாமல் போனவை. பஸ்ஸில் போகிறவருக்கு இது தெரியப்போவதில்லை.

பிள்ளைகள் லீவு போட்டு, பணம் சேர்த்துக் கூட்டிப்போகிறார்கள். அந்த நாட்களைச் சாலையிலேயே கழித்துவிடாதீர்கள். டிக்கெட் போடும் முன் இதை அவர்களுக்கும் அனுப்புங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், பேசுவோம்.