கேட்டுவிட்டு அனுப்பு, தம்பி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். இப்போது உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம். பனையேறிகளிடம் நேரடியாக வாங்கி, சொந்தமாக ஒரு இணையதளம் வைத்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் பார்சல் அனுப்புகிறான். கையில் ஒரு கிலோ சுக்குக் கருப்பட்டியோடு வந்தான். பார்த்ததுமே ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. வீட்டுப்பாடம் எழுதாத அன்றைக்கு மட்டும் முதல் ஆளாக வந்து என் மேசையைத் துடைத்துவைக்கிற பையன் அவன்.

"டீச்சர், சைட்டுக்கு ஆளே வரமாட்டேங்குது. ஃபேஸ்புக்ல போட்டா பத்துப் பேர் கண்ணுக்குத்தான் காட்டுது. மாசம் ஒரு மெயில் லெட்டர் அனுப்பலாம்னு இருக்கேன். பழைய மாணவர் சந்திப்புக்கு நீங்க எழுதி வச்ச நோட்டைத் தந்தீங்கன்னா போதும். முந்நூறு பேர் இருப்பாங்கல்ல?"

இருக்கிறார்கள். 312 பேர். நீங்கள்தான் அவர்கள்.

தரமாட்டேன் என்றேன். முகம் வாடிவிட்டது. கருப்பட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை, அது அவன் வளர்ப்பு. ஏன் தரவில்லை என்பதை அவனிடம் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்த நோட்டை நான் ஒருமுறை கொடுத்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், உறவுக்காரப் பையன் ஒருவன் புதிதாகத் தொழில் தொடங்கினான். ஒரே ஒரு தடவை அறிவிப்பு அனுப்பிக்கொள்கிறேன் சித்தி என்று கேட்டான். கொடுத்தேன். அவன் எல்லா முகவரிகளையும் பெறுநர் இடத்தில் வரிசையாக ஒட்டி, ஒரே மெயிலாக அனுப்பிவிட்டான். வாங்கிய ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய முகவரியும் தெரிந்தது. அதை யாரோ யாருக்கோ அனுப்ப, கைமாறிக் கைமாறி, யார் கண்ணில் படக்கூடாதோ அவர் கண்ணிலும் பட்டது. என் மாணவி ஒருத்தி, கசப்பான ஒரு மணவாழ்க்கையிலிருந்து வெளியே வந்தவள், புது மெயில் முகவரி தொடங்கி ஐந்தாறு பேருக்கு மட்டுமே கொடுத்திருந்தாள். டீச்சர் கேட்டதால் எனக்கும் தந்தாள். பழைய மிரட்டல் கடிதங்கள் அந்த முகவரிக்கும் வரத் தொடங்கின. எனக்குப் போன் செய்தாள். திட்டவில்லை. "நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன் டீச்சர்" என்றாள். திட்டியிருந்தால் எனக்கு அன்று தூக்கம் வந்திருக்கும்.

(அவளிடம் கேட்டு, சரி என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன்.)

கேட்காமல் அனுப்புவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1978 மே மாதத்திலேயே, இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில், டிஇசி என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனையாளர் கேரி துர்க், கிட்டத்தட்ட 400 பேருக்கு அவர்கள் கேட்காமலே விளம்பரம் அனுப்பினார். அன்றைக்கே பலர் கோபப்பட்டார்கள். அனுமதி கேட்டு விற்பது தனி வழி என்று சேத் கோடின் என்ற அமெரிக்கர் 1999இல் ஒரு புத்தகமே எழுதினார். நம் நாட்டிலும் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்கவேண்டும் என்கிறது அது. எனக்கு அந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பையன் விடவில்லை. "கேட்டுச் சேத்தா இருபது பேர்கூடத் தேறாது டீச்சர். முந்நூறு பேருக்கு அனுப்புனா முப்பது பேராவது வருவாங்க." கணக்கில் அவன் எப்போதும் கெட்டி. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும்தான் கூட்டியிருந்தான். கேட்காமல் கடிதம் வாங்கியவர் சும்மா இருக்கமாட்டார், ஸ்பேம் என்ற பொத்தானை அழுத்துவார். மொத்தமாகக் கடிதம் அனுப்புகிறவர்களுக்கு ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் விதிகளை இறுக்கிவிட்டன. ஒரே அழுத்தில் விலகும் வசதி வேண்டும், புகார் ஆயிரத்துக்கு மூன்றை எட்டக்கூடாது. இவன் அனுப்பப்போவது முந்நூறுதான். ஆனால் புகார் பார்த்து எடைபோடுவது சின்னவருக்கும் நடக்கும். பத்துப் பேர் புகார் சொன்னால், ஆசையாகக் கேட்டு வாங்கிய இருபது பேருடைய கடிதமும் குப்பைப் பெட்டியில் போய் விழும். தளத்துக்கு யார் வருவார்?

அதனால் இருபது பேரே போதும் என்றேன். பார்சலுக்குள் ஒரு சீட்டு வை, 'மாதம் ஒரு கடிதம் வேண்டுமா' என்று கேள். தளத்தில் ஒரு பெட்டி வை, ஆனால் நீயே அதில் டிக் போட்டு வைக்காதே. டிக் அவர்கள் போடவேண்டும். யாராவது முகவரி கொடுத்தால், 'நீங்கள்தான் கேட்டீர்களா' என்று ஒரு கடிதம் அனுப்பி, அவர்கள் ஆமாம் என்று அழுத்திய பிறகு சேர். அடுத்தவர் முகவரியை விளையாட்டுக்கு எழுதிப்போடுகிறவர்கள் உண்டு. என் வகுப்பிலேயே இருந்தார்கள், யார் என்று அவர்களுக்கே தெரியும்.

பிறகு, கடிதத்தில் என்ன எழுதுவாய் என்று கேட்டேன். "ஆஃபர் போடுவேன் டீச்சர்." இதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. மாதாமாதம் பத்து சதவீதம் தள்ளுபடி என்று எழுதினால் மூன்றாம் மாதம் யார் திறப்பார்? உன்னிடம் சொல்ல எவ்வளவு இருக்கிறது! பதநீர் இறங்கத் தொடங்கிவிட்டது என்று எழுது. பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுவதைப் பட்டணத்தில் பிறந்த பிள்ளைகள் பார்த்ததே இல்லை, அதை எழுது. மழைக்காலத்தில் கருப்பட்டி ஏன் கசிகிறது, எப்படிப் பத்திரப்படுத்துவது என்று எழுது. சீனி கலந்த கருப்பட்டி பற்றி ஊரே பேசுகிறது, நீ யாரிடம் வாங்குகிறாய் என்பதை எழுது. கடிதத்தைப் பாதியில் வெட்டி 'மீதியைத் தளத்தில் காண்க' என்று இழுக்காதே, எனக்கு அது பிடிக்காது. கடிதம் முழுதாக இருக்கட்டும். காய்ச்சுகிற வீடியோவும் இந்த மாதம் எத்தனை கிலோ கைவசம் இருக்கிறது என்பதும் தளத்தில் இருக்கட்டும். வேண்டுமென்றால் வருவார்கள்.

"மெயிலை யாரு டீச்சர் இப்ப பாக்கிறா, எல்லாம் வாட்ஸ்அப்தான்" என்றும் சொல்லிப் பார்த்தான். உள்ளூர்க்காரர்களுக்கு அது சரிதான், அவர்களுக்கு ஒரு போன் போதும். ஆனால் பெங்களூரில் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற நம் பிள்ளைகள் காலையில் முதலில் திறப்பது மெயிலைத்தான். அதோடு, ஃபேஸ்புக் நாளைக்கு ஏதோ மாற்றினால் அங்கே சேர்த்த கூட்டம் கலைந்துவிடும். கேட்டுச் சேர்த்த முகவரி அவன் கையிலேயே இருக்கும்.

சனிக்கிழமை போன் செய்தான். சீட்டு அச்சடித்துவிட்டானாம். இதுவரை பதினான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். பதினைந்தாவது நான், உறுதிசெய்யும் கடிதம் எனக்கும் வந்தது.

உங்களில் யாருக்காவது அவன் கடிதம் வேண்டுமென்றால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், அவன் தளத்தின் பெயரைத் தருகிறேன், நீங்களே போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் முகவரியை இங்கே பொதுவில் எழுதவேண்டாம். என் நோட்டிலிருந்தே பெயரை எடுத்துவிடச் சொல்கிறவர்களும் சொல்லலாம். காரணம் கேட்கமாட்டேன், வருத்தப்படவும் மாட்டேன்.