கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுக்காரராம்ல!

"எங்க கொள்ளுத்தாத்தா பிரெஞ்சுக்காரருங்க, பாண்டிச்சேரியில பெரிய தொரை." நம்ம அஸ்தம்பட்டியில இப்படிச் சொல்றவங்களை அடிக்கடி பாக்குறேன். ஆதாரம் கேட்டா மூணுதான் வரும். பாட்டிக்குப் பூனைக்கண்ணு. பழைய பத்திரத்துல ஒரு பிரெஞ்சுப் பேரு. அப்புறம், "வீட்ல எல்லாரும் சொல்வாங்க".

பூனைக்கண்ணை விடுங்க. எனக்குச் சண்டையே அந்தப் பேரைப் பத்தித்தான்.

1881 செப்டம்பர் 21-ல் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. பிரெஞ்சிந்தியாவில் இருந்த நம்மாளுங்க, சாதி, மத வழக்கப்படி நடந்த சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். ஒரு தடவை துறந்தா துறந்ததுதான், திரும்ப முடியாது. வர்றவங்க ஒரு குடும்பப் பெயர் வச்சுக்கணும். இவங்களை 'ரெனோன்சான்' என்றார்கள், அதாவது துறந்தவர்கள். இதுக்கு முன்னால் நின்னவர் வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873-ல் ஐரோப்பிய பூட்ஸ் போட்டுக்கிட்டு கோர்ட்டுக்கு வந்தார்னு தகராறாகி, அதைப் பாரிஸ் வரைக்கும் கொண்டுபோன மனுஷன். அவர் வச்சுக்கிட்ட குடும்பப் பெயர் லபோர்த். பிரெஞ்சில் 'கதவு'ன்னு அர்த்தம். அவர் பச்சைத் தமிழர் ஐயா!

துறந்தவர்களில் பெரும்பகுதி தலித் கிறிஸ்தவர்கள். சாதிப் பேரை உதற அந்தத் தாத்தா ஊர் முன்னாடி எழுதிக் கொடுத்து வாங்கின பேரு அது. எவ்வளவு தைரியம் வேணும்! பேரன் என்னடான்னா அதே பேரைக் காட்டி "எங்க ரத்தமே வேற"ங்கறான். தாத்தா எதை விட்டு ஓடினாரோ, அதையே இவன் வெள்ளைச் சாயம் அடிச்சு உள்ளே கொண்டுவர்றான்.

நிஜமாவே வெள்ளைக்காரத் தாத்தா இருந்த குடும்பங்களும் உண்டு, இல்லைங்கல. பாண்டிச்சேரியின் ஞானஸ்நான, கல்யாண, சாவுப் பதிவுகள் 1676-லிருந்து இருக்கு. மார்த்தினோ அவற்றைச் சுருக்கிப் புத்தகமாவே போட்டார். பிரான்சில் எக்ஸ் நகரக் காலனி ஆவணக் காப்பகம் பாண்டிப் பதிவேடுகளை இணையத்துல இலவசமா வச்சிருக்கு. தேடுங்க. ஆனா தொரையை மட்டும் தேடாதீங்க, பக்கத்துல இருக்கிற பொம்பளையையும் தேடுங்க. துய்ப்ளேக்ஸ் பொண்டாட்டி ழான், பாண்டியிலயே பொறந்தவ. அப்பா பிரெஞ்சு வைத்தியர். அம்மா ரோசா தெ காஸ்த்ரோ வழியிலதான் இந்திய ரத்தம். பெரிய இடம்ங்கறதால அந்த அம்மா பேராவது மிஞ்சிச்சு. சிப்பாய் கட்டிக்கிட்ட உள்ளூர்ப் பொண்ணுக்குப் பல நேரம் ஞானஸ்நானப் பேரு மட்டும்தான். அவ ஊரு, அப்பன் பேரு எதுவும் இருக்காது. அவளும் நம்ம பாட்டிதானே? அவளைத் தேடி எவன் கிளம்புறான்?

சேலம் கதையே வேற. 1792-லயே திப்புகிட்டேர்ந்து இங்கிலீஷ்காரன் கைக்கு வந்துட்ட சீமை இது. இங்க வெள்ளைத் தாத்தா இருந்தா அவர் இங்கிலீஷ்காரரா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அவர் காகிதம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துல, சென்னை மாகாண சர்ச் பதிவுகள்ல கிடக்கும். இங்க வந்த பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் பாரிஸ் மிஷன் சாமியார்கள். 1930-ல் சேலம் மறைமாவட்டம் வந்தப்போ முதல் ஆயர் புருனியேவும் பிரெஞ்சுக்காரர்தான். ஞானஸ்நானச் சீட்டுல சாமியார் போட்ட கையெழுத்தைப் பார்த்துட்டு தாத்தான்னு சொல்லிடாதீங்க, பாவம் அவர் பிரம்மச்சாரி :-)

இன்னொரு கூத்து, வெள்ளைத் தாத்தாவைக் காட்டினா பிரெஞ்சு பாஸ்போர்ட்டுன்னு காசு பிடுங்குற புரோக்கர்கள். பாண்டியில் பிரெஞ்சுக் குடியுரிமை வச்சிருக்கிற தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ரத்தத்தைக் காட்டி வாங்கினவங்க இல்ல. 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்து ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுத்தவங்களோட வாரிசுகள்.

அதனால அந்தப் பழைய பத்திரத்துல முதல்ல தேதியைப் பாருங்க. 1881-க்கு அப்புறம்னா, துறப்புப் பதிவைத் தேடுங்க. புதுப் பேரு பக்கத்துலயே பழைய பேரும் இருக்கும்.