ராட்சதர்களை வெட்டிச் சாய்த்த மிகாசா: "நம்பர் 1" எபிசோடு எது?

வாள் வீசி ராட்சதர்களை வெட்டிச் சாய்த்த வீராங்கனை மிகாசா. அவளுடைய சிறந்த எபிசோடு எது? ஜப்பான் கார்ட்டூன் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் போதும், இந்தத் தகராறு வந்துவிடும்!

"அட்டாக் ஆன் டைட்டன்" என்பது ஹஜிமே இசயாமா 2009-ல் தொடங்கி 2021-ல் முடித்த சித்திரக்கதை. 2013-ல் டெலிவிஷனுக்கு வந்து, 2023-ல்தான் முடிந்தது.

மனிதனைப் பிடித்துத் தின்னும் ராட்சதர்கள். 50 மீட்டர் உயர மதிலுக்குள் பதுங்கி வாழும் ஜனங்கள். அவர்களைக் காக்கும் பட்டாளத்தில் 15 வயதுப் பெண் மிகாசா.

இடுப்பில் காஸ் சிலிண்டர். அதன் வேகத்தில் இரும்புக் கயிற்றை வீசி, கூரைக்குக் கூரை பறப்பாள். ராட்சதனின் பிடரியில் ஒரே வெட்டு. ஆள் காலி!

9 வயதில் கத்தி

பலர் கை காட்டுவது 6-வது எபிசோடை. 3 கயவர்கள் வீடு புகுந்து, பெற்றோரைக் கொன்று, 9 வயது மிகாசாவைக் கடத்துகிறார்கள். காப்பாற்ற வந்த சிறுவன் எரென் 2 பேரைக் குத்திக் கொல்கிறான். மூன்றாமவன் எரெனின் கழுத்தை நெரிக்கிறான். "சண்டை போடு" என்று எரென் கத்த, நடுங்கிக்கொண்டிருந்த சிறுமி கத்தியை எடுக்கிறாள்.

சும்மா சொல்லக்கூடாது, நெஞ்சை உலுக்கும் கட்டம்தான். ஆனால் அங்கே இன்னொருவன் சொல்லித்தான் அவள் கத்தியை எடுத்தாள். அது ஆரம்பம். அவ்வளவுதான்.

காஸ் தீர்ந்தது!

அடுத்த வாரமே வந்தது 7-வது எபிசோடு. பெயர் "சின்னஞ்சிறு கத்தி". பரிசு இதற்குத்தான் போகவேண்டும்.

எரென் செத்துவிட்டான் என்று சேதி வருகிறது. மிகாசா அழவில்லை. பயந்து நிற்கும் வீரர்களைப் பார்த்து, "நான் பலசாலி, நீங்கள் கோழைகள்" என்ற ரீதியில் பேசிவிட்டு முன்னால் பாய்கிறாள். ஆத்திரத்தில் காஸை அள்ளி இறைக்கிறாள். பாதி வழியில் சிலிண்டர் காலி. நடுத்தெருவில் விழுகிறாள். எதிரே ராட்சதர்கள்.

"போதும், செத்துவிடலாம்" என்று கண்ணை மூடுகிறாள் அந்த மகா வீராங்கனை!

அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது. தானும் செத்துப் போனால், எரெனை நினைத்துப் பார்க்கக்கூட ஆள் இருக்காதே! உடைந்த வாளோடு எழுந்து நிற்கிறாள். "சண்டை போடு" என்று சொல்ல இந்தத் தடவை பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"அவளா ஜெயித்தாள்?"

"கடைசியில் வேறொரு ராட்சதன் வந்துதானே காப்பாற்றினான்? இதில் அவள் வீரம் எங்கே?" என்று எதிர்க்கட்சி கேட்கும். நியாயமான கேள்விதான்.

ஆனால் உதவி வரும் முன்பே அவள் எழுந்துவிட்டாள். உதவி வரும் என்று அவளுக்குத் தெரியாது. காஸ் இருக்கும்போது பறப்பது கெட்டிக்காரத்தனம். காஸ் தீர்ந்த பிறகும் எழுந்து நிற்பதுதான் தைரியம்.

இன்னொரு கோஷ்டி 2023-ல் வந்த கடைசிக் கட்டத்தைச் சொல்லும். உலகத்தையே நசுக்கக் கிளம்பிய எரெனை, உயிராக நேசித்த மிகாசாவே வெட்டிக் கொல்கிறாள். பிறகு அவன் நினைவோடு பல காலம் வாழ்கிறாள். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

அந்த முடிவுக்கு வித்து எங்கே? 10 வருடம் முந்திய அதே நடுத்தெருவில்தான்! "அவன் இல்லாவிட்டாலும் வாழவேண்டும், அவனை நினைக்கவாவது வாழவேண்டும்" என்று அன்று எடுத்த முடிவைத்தான் கடைசியிலும் அவள் காப்பாற்றினாள்.

எத்தனை தலை விழுந்தது என்று எண்ணி வீராங்கனைக்கு மார்க் போடுவது சுலபம். அப்படி எண்ணினால் 7-வது எபிசோடுக்கு முதல் இடம் கிடைக்காது. விழுந்தவள் எழுந்தாளா என்று பார்த்தால், அதற்குப் போட்டியே இல்லை!