வாடகைக்கு முன் கேட்கப்படும் கேள்வி

கல்லூரிகள் திறக்கும் நாட்களில் சிதம்பரம் போன்ற ஊர்களில் அறை தேடும் மாணவர் எவரும் முதலில் வாடகையைக் கணக்கிடுவர். தலித் மாணவருக்கோ அக்கணக்குக்கு முன்பே ஒரு கேள்வி வந்து நிற்கிறது: "நீங்க என்ன ஆளுங்க?" சில வாசல்களில் அது "சைவமா?" என்றோ, "ஊரில் எந்தத் தெரு?" என்றோ உருமாறுகிறது. கல்லூரிக்கு அருகில் கதவுகள் அடைபட, தொலைவில் கிடைப்பதே 'மலிவான' அறையாகிறது. பேருந்துச் செலவும் இழந்த நூலக நேரமும் அந்த மலிவுக்கு நாம் செலுத்தும் மறைமுக வாடகை.

அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. ஆயினும் கடை, உணவகம், தங்கும் விடுதி எனப் பட்டியலிடும் 15(2) உறுப்பில் வாடகை வீடு பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்துவழி ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. சாதி காரணமாக வீடு மறுப்பதைத் தடை செய்யவில்லை. பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவோர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். "இப்போதுதான் ஆள் வந்துவிட்டது" எனப் புன்னகையுடன் அனுப்புவோரை அது எளிதில் எட்டுவதில்லை.

எனவே நாம் கோருவது இரண்டு. வாடகைச் சட்டத்தில் சாதிவழி மறுப்பைத் தண்டனைக்குரியதாக்கும் திருத்தம் வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகள் கல்லூரிகளின் அருகிலேயே, போதிய இடங்களுடன் அமைய வேண்டும். அதுவரை, மறுக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் நாள், தெரு, சொல்லப்பட்ட சொற்கள் ஆகியவற்றை மாணவர்கள் குறித்து வையுங்கள், குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். சான்றில்லாத அவமானம் நீதிமன்றத்தின் படியேறாது.