விரிவாக்கம் எதற்கு? வேரைப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். ரேம், ரோம், யு.எஸ்.பி. என்று ஒரு பக்கம் எழுதி, எதிரே அதன் விரிவாக்கத்தை எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே பயிற்சிதான். இந்த உழைப்பில் பாதி வீண் என்பது என் கருத்து. சில விரிவாக்கங்கள் பொய்யும் கூட.

"கம்ப்யூட்டர்" என்ற சொல்லுக்கே "காமன் ஆப்பரேட்டிங் மெஷின்..." என்று தொடங்கும் நீளமான விரிவாக்கம் ஒன்று பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. யாரோ பின்னாளில் கட்டிய கதை அது. கணக்கிடுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது கம்ப்யூட்டர். இந்த இயந்திரம் வரும் முன்பு, அலுவலகங்களில் உட்கார்ந்து கணக்குப் போட்ட மனிதர்களைத்தான் அப்படி அழைத்தார்கள். வைரஸுக்கும் இதே கதி. "வைட்டல் இன்பர்மேஷன்..." என்று ஆரம்பித்து ஒரு விரிவாக்கம் சொல்வார்கள். லத்தீனில் வைரஸ் என்றால் விஷம். கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு அந்தப் பெயரைச் சூட்டலாம் என்று 1983ல் சொன்னவர் லெனர்ட் ஏடெல்மன். அவருடைய மாணவர் பிரெட் கோஹன் 1984ல் வெளியிட்ட கட்டுரையில் அதைப் பயன்படுத்தினார். எழுத்தெழுத்தாகப் பிரிக்க அதில் ஒன்றும் இல்லை.

விரிவாக்கத்தை விட்டுவிட்டு, சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் வந்து நம்மை மிரட்டும் சொற்களில் கணிசமானவை கிரேக்க மொழித் துண்டுகளை ஒட்டிச் செய்தவை. கிரேக்கமா என்று பயப்பட வேண்டாம். தமிழில் இந்த வேலையை நாம் எப்போதோ பழகிவிட்டோம். டெலி என்றால் தொலைவு. அதனால்தான் டெலிபோன் தொலைபேசி ஆயிற்று, டெலஸ்கோப் தொலைநோக்கி ஆயிற்று. மைக்ரோ என்றால் மிகச் சிறியது; மைக்ரோஸ்கோப் நுண்ணோக்கி. மீட்டர் என்ற பின்னொட்டு அளப்பதைக் குறிக்கும், தெர்மாமீட்டர் வெப்பமானி. பள்ளியில் படித்தபோது இதைச் செய்தோம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் ஏனோ மறந்துவிடுகிறோம்.

கடையில் முதலில் காதில் விழுவது கொள்ளளவுச் சொற்கள். கிலோ என்பது ஆயிரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மெகா என்றால் பெரியது, கிகா என்றால் அரக்கன், டெரா என்றால் பூதம். ஒவ்வொரு படியும் முந்தையதைப் போல் ஆயிரம் மடங்கு. அரக்கனைவிட பூதம் பெரியது என்று நினைவில் வைத்துக்கொண்டால் 512 ஜி.பி.யா, 1 டி.பி.யா எது பெரிது என்று குழம்ப வேண்டியதில்லை.

வாங்கி வந்த 1 டி.பி. டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜி.பி. என்று காட்டும்போது கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாகப் பலர் சண்டைக்குப் போகிறார்கள். டிஸ்க் தயாரிப்பவர் அகராதிப்படி கணக்குப் போடுகிறார்: 1 ஜி.பி. என்றால் 100 கோடி பைட். விண்டோஸ் 2ன் மடங்குகளில் எண்ணுவதால் அதற்கு 1 ஜி.பி. என்பது 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 பைட். டிஸ்க்கில் இருக்கும் பைட் ஒன்றும் குறையவில்லை. எண்ணும் படிதான் பெரிது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998ல் கிபி, மெபி, கிபி பைட் என்றெல்லாம் தனிப் பெயர்கள் வைத்தார்கள். விண்டோஸ் அவற்றைச் சீந்தவே இல்லை. என்னைக் கேட்டால் குற்றம் இங்கே விண்டோஸ் மீதுதான்.

பண விஷயத்தைவிட முக்கியமானது அடுத்த சொல். போனிலும் கம்ப்யூட்டரிலும் எங்கு பார்த்தாலும் "சிங்க்" என்று ஒரு பட்டன் இருக்கிறது. சமையலறைத் தொட்டியும் தமிழ் எழுத்தில் அதே சிங்க்தான் என்பதால் வேடிக்கையாக இருக்கும். இது சின்க்ரனைஸ் என்பதன் சுருக்கம். சின் என்றால் கூட, சேர்ந்து. க்ரோனோஸ் என்றால் காலம். இரண்டு இடங்கள் ஒரே காலத்தில் ஒன்றாக நடப்பது என்று பொருள். இதைப் புரிந்துகொண்டால் ஒரு பெரிய இழப்பைத் தவிர்க்கலாம். ஏனென்றால் பலர் சிங்க் செய்ததை பேக்கப் என்று நம்புகிறார்கள். போட்டோக்கள் கூகுள் போட்டோஸில் ஏறிவிட்டன, இனி போனில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பானேன் என்று அந்த ஆப்பிலேயே அழிக்கிறார்கள். சேர்ந்து நடப்பது என்றுதானே சொல்லே சொல்கிறது? இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பேக்கப் செய்த படங்கள் கூகுள் போட்டோஸின் குப்பைத் தொட்டியில் 60 நாட்கள் கிடக்கும், ஒன்டிரைவில் அழித்தவை 30 நாட்கள். அதற்குள் கவனித்தால் மீட்கலாம். குழந்தையின் முதல் பிறந்த நாள் படங்களை ஓராண்டு கழித்துத் தேடுபவருக்கு அந்தத் தொட்டி உதவாது. பேக்கப் என்பது தனியாக, மற்றொன்றோடு சேர்ந்து ஆடாமல் இருக்கும் பிரதி. ஒரு பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க் போதும்.

இதே போல் கவனிக்க வேண்டியது என்கிரிப்ட். கிரிப்டோஸ் என்றால் மறைந்தது, மறைத்து வைத்தது. கிராபி என்ற பின்னொட்டு எழுத்தைக் குறிப்பதால் கிரிப்டோகிராபி என்றால் மறை எழுத்துக் கலை. என்கிரிப்ட் செய்த பைல் பூட்டிய அறை போல அங்கேயே இருக்கும், சாவி இல்லாதவருக்கு அது வெறும் குப்பை. 2013ல் பலருடைய பைல்களை இப்படிப் பூட்டிப் பணம் கேட்ட புரோகிராமுக்குப் பெயரே கிரிப்டோலாக்கர்.

ஆனால் பூட்டுவது எப்போதும் திருடன் மட்டும் இல்லை. 2024ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு முதல், புதிதாக அமைக்கும் கம்ப்யூட்டரில் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் கொண்டு நுழைந்தால் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிறது. பிறகு ஒரு நாள் மதர்போர்டு பழுதாகி மாற்றினால், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக்கொண்டு திரை நிற்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் இருக்கும். கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்த பையன் யாருடைய அக்கவுண்டைப் போட்டான் என்று தெரியாதவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. இன்றே உள்ளே போய்ப் பார்த்து, சாவியைத் தாளில் எழுதி பீரோவில் வைத்திடுங்கள்.

பயோமெட்ரிக் என்பதையும் பிரித்துவிடலாம். பயோ உயிர், மெட்ரிக் அளவு. உங்கள் உடம்பையே அளந்து வைத்துக்கொள்வது. பாஸ்வேர்டு திருடு போனால் வேறு வைக்கலாம். கட்டை விரலை மாற்ற முடியாது. ஆதாரில் பயோமெட்ரிக் லாக் வசதி இருப்பது இதற்காகத்தான். கண்ட இடத்தில் விரலை வைக்கும் முன் இந்தப் பொருள் நினைவுக்கு வரட்டும்.

இந்த முறை எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். கிரிப்டோகரன்சியை மறைந்த பணம் என்று பிரித்தால் தவறாகப் போகும். பிட்காயினின் கணக்கேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கிரிப்டோகிராபியின் உதவியால் இயங்குவதால் அந்தப் பெயர். நானோ என்றால் குள்ளன், அளவில் மைக்ரோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நானோ சிம்மோ மைக்ரோ சிம்மைவிடக் கொஞ்சம்தான் சிறியது. அல்காரிதம் கேட்பதற்கு அசல் கிரேக்கம் போலவே இருக்கும். அதுவோ 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்ற கணித அறிஞரின் பெயரிலிருந்து வந்தது.

தமிழருக்கென்றே ஒரு குழப்பமும் உண்டு. நம் வீடுகளில் பூஜ்யத்தை சைபர் என்போம். அது அரபுச் சொல். சைபர் கிரைமில் வரும் சைபர் வேறு. கப்பலில் சுக்கான் பிடிக்கும் மீகாமனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. நார்பர்ட் வீனர் 1948ல் தம் நூலுக்கு சைபர்நெடிக்ஸ் என்று பெயரிட்டு அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

"எங்களுக்கு ஆங்கிலமே தகராறு, இதில் கிரேக்கமா?" என்று கேட்கலாம். ஆங்கிலம் தகராறு என்பவருக்குத்தான் இது அதிகம் உதவும். நீளமான சொல்லைப் பார்த்து மிரண்டு, என்னவென்றே தெரியாமல் ஓகே பட்டனை அழுத்துபவர் அவர்தானே? ஓகே கொடுக்கும் முன் அந்தச் சொல்லை ஒரு அகராதியில் தேடிப் பாருங்கள். பொருளுக்குக் கீழே அதன் பிறப்பையும் பல அகராதிகள் தந்திருக்கும். பெரும்பாலும் இரண்டே வரி. அந்த இரண்டு வரியை உங்கள் நோட்டுப் புத்தகத்தில், விரிவாக்கம் எழுதிய இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.